மேற்படி என்ற ஒரு குறி

ஓய்வு பெற்ற பிறகு என்னால் உட்கார முடியவில்லை. நயா பைசா புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய வருடம் அது. முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ராமநாதபுரத்தில் சொந்த வீடு. பிள்ளைகள் வெளியூரில் இருந்ததால் வீட்டில் நானும் மனைவியும்தான். காலை பத்து மணியானால் கால்கள் தாமாக வாசலுக்குப் போகும். செருப்பை மாட்டுவேன், கழற்றுவேன். கிணற்றடிக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவேன். ஒருநாள் அடுப்படியில் போய் நின்று, டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டலாமே என்று சொன்னேன். என் மனைவிக்கு எழுத்துத் தெரியாது. அன்றோடு அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஆபீசுல காலையில போனதும் என்ன செய்வீக?” என்று கேட்டாள்.

அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு உட்காருவேன் என்றேன்.

“அப்ப அதையே இங்கனயும் எழுதி வச்சுக்கிட்டு உக்காருங்க. என் அடுப்படிய விட்டுருங்க.”

அவள் விளையாட்டாகச் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் வெள்ளையாக இருக்கும். அதில் எழுதினேன். கிணற்றுக் கயிறு மாற்றுவது, மூக்குக்கண்ணாடியின் காலைச் சரிசெய்வது, மதுரைக்குக் கடிதம் போடுவது. முடித்ததும் ஒரு டிக். அந்த டிக்கைப் போடும்போது கிடைத்த நிம்மதி, ஓய்வுக்குப் பின் எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை.

வயதான காலத்தில் ஒரே நாளில் பெரிய காரியம் எதுவும் ஆகாது என்பது சீக்கிரமே புரிந்தது. துண்டு துண்டாக வெட்டி வைத்தால் ஆகிறது என்பதும் புரிந்தது. மூக்குப்பொடி போடும் வழக்கத்தை அப்படித்தான் விட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை சிட்டிகை என்று முதலில் எழுதினேன். பிறகு வாரத்துக்கு ஒரு சிட்டிகை குறைத்தேன். ஒரு வருடம் ஆவதற்குள் பொடி மட்டை வாங்குவது நின்றுபோனது. இன்டர்மீடியட் படித்தபோது பாதியில் வைத்த ஆங்கில இலக்கணத்தை ஒரு நாளைக்கு ஒரு பக்கமாகப் படித்து முடித்தேன். மூட்டுவலிக்காரனான நான் தெருமுனை வரை நடந்து, பிறகு கண்மாய்க்கரை வரை நடந்து, கடைசியில் ரயில் நிலையம் வரை போய் வரும் ஆளானேன். பார்த்தவர்கள் பத்து வயது குறைந்துவிட்டது என்றார்கள்.

முடியாமல் போன வேலைக்கு மறுநாள் தாளில் ஒரு குறி போடுவேன். மேற்படி என்பதற்குக் கணக்கெழுதுகிறவர்கள் போடும் பழைய குறி, ௸. மே என்ற எழுத்தை ஒரு சுழி சுழித்துவிட்டதுபோல் இருக்கும். ‘மேலே சொன்னதே இங்கும்’ என்று பொருள். பெயரையோ ஊரையோ திரும்ப எழுதாமல் அதைப் போட்டுவிட்டுப் போகலாம். கை ஓயாமல் எழுதுகிறவனுக்கு அது பெரிய வரம். என் மனைவி எழுத்து படிக்காதவளானாலும் அந்தக் குறியை மட்டும் அடையாளம் கண்டுகொண்டாள். அது அவளுக்கு நண்டாகத் தெரிந்தது. காலையில் காபியை வைக்கும்போது தாளை எட்டிப் பார்ப்பாள். “இன்னைக்கு எத்தன நண்டு?” என்பாள்.

பெரும்பாலும் ஒரே ஒரு நண்டுதான். அது எல்லாத் தாளிலும் முதல் வரியில் இருந்தது. மூன்றரை வருடம் இருந்தது.

அந்த வரியில் நான் முதன்முதலில் எழுதியது, ‘வடக்கே போக வேண்டும்’ என்பது. அவ்வளவுதான். வடக்கே எங்கே, யாரிடம், எதற்கு என்று எழுதவில்லை. என் தாளை என் மனைவியால் படிக்க முடியாது, வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் எழுதவில்லை. என்னிடமிருந்தே மறைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜமீன் ஒழிந்து, ஊர் ஊராக அளந்து பட்டா கொடுத்துக்கொண்டிருந்த சமயத்தில், அந்த வேலைக்காகத் திறந்திருந்த ஓர் அலுவலகத்தில் நான் இருந்தேன். உப்பூருக்கு வடக்கே, கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். மரக்கலங்களில் வேலைக்குப் போகிற முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த இரண்டு தெருக்கள். அந்த ஊரின் மனைகளுக்குச் சுத்தப் பிரதி எழுதும் வேலை என்னுடையது. அளந்தவர் தான் நடந்த வரிசையில் ரஃப் தாளில் எழுதியிருந்தார். அதில் ஒரு மாலுமியின் பெயரில் கொல்லைப்புற நிலம் ஒரு வரி. அடுத்த வரி அவருடைய வீடு. வீட்டுக்கு எதிரே உரிமையாளர் பெயரை எழுதாமல் ௸ போட்டிருந்தார். மேலே சொன்னவருடையதே என்று பொருள். அது சரிதான்.

பட்டியலைத் தெருவாரியாக மாற்றி எழுதச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்தது. கொல்லையின் வழி பின்தெருவில், வீட்டின் வாசல் முன்தெருவில். ஆகவே இரண்டு வரிகளும் பிரிந்தன. வீட்டின் வரி, முன்தெருவில் அதற்கு முந்தின வீட்டுக்காரரின் பெயருக்குக் கீழே வந்தது. நான் அந்தக் குறியை அப்படியே குறியாகவே எழுதினேன். அது இப்போது பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டியது. பெயரை விரித்து எழுதியிருக்க வேண்டும். வேலை பழக வந்து ஐந்து நாளான பையனுக்குக்கூட அது தெரியும். அன்று நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

இதுவரை தவறு. இனிமேல் சொல்வது தவறல்ல, தெரிந்தே செய்தது.

ஒரு மாதம் கழித்து அந்த மாலுமி மனுவோடு வந்தார். என் வீடு அடுத்தவர் பெயரில் வந்திருக்கிறது, எனக்குக் கொல்லைக்கு மட்டும்தான் பட்டா வந்திருக்கிறது என்றார். ரஃப் தாளை எடுத்துப் பார்த்தேன். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. தலைமைக் குமாஸ்தா பதவிக்கு என் பெயர் போயிருந்த நேரம் அது. மனுவின் ஓரத்தில் ‘பதிவுகளைப் பார்த்ததில் ஆதாரம் இல்லை’ என்று எழுதினேன். சாயங்காலம் ரஃப் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். அவர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் நான் வேறு காகிதக் கட்டுக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டேன். பதவி கிடைத்தது.

ஓய்வு பெற்ற பிறகு தினமும் முதல் வரியில் ௸ போட்டேன். பொடியை விட்ட முறையிலேயே இதையும் முடிக்கலாம் என்று நினைத்தேன். வேலையை வெட்டிச் சின்னதாக்கினேன். முதல் துண்டு: பெட்டியைத் திறப்பது. அதைச் செய்ய ஆறு நாள் ஆயிற்று. திறந்து, மூடி, டிக் போட்டேன். இரண்டாவது துண்டு, தாளை வெளியே எடுப்பது. அதற்கு எட்டு நாள். மூன்றாவது, அதைப் படிப்பது. என் மனைவி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெட்டியத் தொறக்குறதுக்கு ஒரு டிக்கா?” என்றாள். “நான் தெனம் எத்தன பெட்டி தொறக்குறேன். எனக்கு யாரு டிக் போடுறது?”

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அன்று என்னால் முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு ஒன்று கேட்டாள்.

“அந்த மனுசன் இப்ப எங்கன இருக்காரு? அந்த வீட்லதானா?”

“தெரியாது.”

“தெரியாமத்தான் இத்தன வருசமா நண்டு போட்டுக்கிட்டு இருந்தீகளா?” அவள் குரலில் கேலி இல்லை. “நாளைக்கு பஸ் இருக்குல்ல?”

பஸ் இருந்தது. நான் போகவில்லை. முதலில் தாளுக்கு ஒரு நகல் எடுக்க வேண்டும், எழுதிக் கொடுக்கும் வாக்குமூலத்துக்கு வாசகம் யோசிக்க வேண்டும் என்று துண்டுகளாக எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றும் நியாயமான வேலையாகவே தெரிந்தது. நகலுக்கு இரண்டு நாள், வாசகத்துக்கு ஒன்பது நாள், சட்டை வெளுத்து வர நான்கு நாள். பதினைந்து நாள் கழித்துத்தான் பஸ் ஏறினேன்.

அந்த ஊரில் இறங்கி வீட்டைக் கேட்டுப் போனபோது வாசலில் ஓர் இளைஞர் எழுந்து வந்தார். மாலுமியின் மனைவிக்குத் தம்பி. பட்டா விஷயமாக ராமநாதபுரத்திலிருந்து வருகிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏழு வருசம் கழிச்சா? மச்சான் மவுத்தாகி இன்னையோட பதினோரு நாளுங்கய்யா.”

பதினோரு நாள். என் மனைவி சொன்ன மறுநாளே புறப்பட்டிருந்தால் அவரை உயிரோடு பார்த்திருக்கலாம். நான் வாக்குமூலத்துக்கு வாசகம் தேடிக்கொண்டிருந்த ஒரு நாளில் அவர் இறந்திருக்கிறார். சட்டை வெளுக்கப் போட்டிருந்தபோதும் அவர் மண்ணில் கிடந்திருக்கிறார். இந்தக் கணக்கை நான் அன்று அந்த வாசலிலேயே போட்டேன். பிறகும் பல முறை போட்டிருக்கிறேன். விடை மாறவில்லை.

அக்காவைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அக்கா இத்தாவில் இருக்கிறார் என்றார் தம்பி. கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் மனைவி அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி மற்றதைச் சொன்னார். மாலுமி இருந்தவரை பக்கத்து வீட்டுக்காரர் வழக்குக்குப் போகவில்லை. என் வீட்டைத் திருடிவிட்டான் என்று மாலுமி தெருவில் நின்று சொல்வாராம். சர்க்கார் தாளில் என் பெயர் இருக்கிறது, இவன் பொய் சொல்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வாராம். இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே மனையாக இருந்தவை என்பதால், தாளைப் பார்த்ததும் அவரும் அதை நம்பிவிட்டாராம். இப்போது ஆள் போய்விட்டது. இத்தா முடியும்வரை அந்தப் பெண்ணை யாரும் எதுவும் கேட்க மாட்டோம், முடிந்ததும் வீட்டை விட்டுவிட வேண்டும் என்று ஜமாத்தில் பேசி வைத்திருக்கிறார்கள்.

“அக்காவுக்கு அதுக்கப்பறம் போக இடமில்ல. நான் இருக்குறது மாமனார் வீட்ல” என்றார். அந்த இளைஞரிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். முயன்று பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நான்கு மாதம் பத்து நாளில் பதினோரு நாள் போய்விட்டது. அன்று இரவு புதிய தாளில் எழுதும்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன். இந்த வேலைக்கு ௸ போடுவதில்லை. சின்னத் துண்டாகத்தான் இருக்கும், ஆனால் அந்தத் துண்டை அன்றே முடிக்க வேண்டும். அந்த நான்கு மாதமும் நான் பட்ட அவதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாப்பிடும்போது எழுந்துவிடுவேன். தபால்காரரின் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். பிறை பார்த்துத்தான் அவர்கள் மாதம் கணக்கிடுவார்கள் என்று கேள்விப்பட்டதும் என் காலண்டர் கணக்கில் இரண்டு மூன்று நாள் குறையும் என்று தெரிந்தது. அந்த இரண்டு மூன்று நாளுக்காக ஒரு முழு ராத்திரி புரண்டேன்.

பழைய அலுவலகம் மூடிவிட்டது. அதன் கட்டுகள் வேறோர் அலுவலகத்துக்குப் போயிருந்தன. அங்கே தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர் ஒரு காலத்தில் என் கீழே வேலை பழகியவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தாளை அவர் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

“சார், நீங்க எடுத்துட்டுப் போனீங்கன்னு எதுக்கு எழுதணும்? பழைய காகிதத்துல கலந்து கெடந்துச்சு, இப்பத்தான் கண்ணுல பட்டுச்சுன்னு எழுதுங்க. அந்தம்மாவுக்கு வேண்டியது வீடு. அது கெடைச்சிரும். உங்க பென்ஷனுக்கும் தொந்தரவில்ல.”

ஒரு நாள் யோசிக்கிறேன் என்று சொல்லக்கூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து, ‘என் பழைய காகிதங்களுக்கிடையே தற்செயலாகக் கிடைத்தது’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்றைய தாளில் டிக்கும் போட்டேன்.

பிறகு வேலை மெதுவாக, ஆனால் நிற்காமல் நகர்ந்தது. ஒருநாள் மனு எண் வாங்கினேன். ஒருநாள் அதிகாரி வெளியூர் போயிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு வந்தேன். அதுவும் ஒரு வேலைதான். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் போனதா என்று கேட்டேன். அவர் வந்து ரஃப் தாளைப் பார்த்துவிட்டு, தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டார் என்று பிறகு அறிந்தேன். இத்தா முடிய ஒன்பது நாள் இருக்கும்போது திருத்தின உத்தரவு வந்தது. வீடு மாலுமியின் பெயருக்கு மாறி, அவர் மனைவிக்குப் பாத்தியமாயிற்று. என் மனைவியிடம் ஓடிவந்து சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். பிறகு, “என்னன்டு எழுதிக் குடுத்தீக?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

இத்தா முடிந்த மூன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, உத்தரவின் நகலோடு போனேன். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து, முக்காட்டை இழுத்துக்கொண்டு நின்றார். தம்பி என் பக்கத்தில் நின்றார். அந்த அம்மாள் நான் நினைத்ததைவிட வயது குறைந்தவர். உத்தரவைத் தம்பி படித்துக் காட்டினார். வீடு தப்பியது என்று கேட்டும் அவர் அழவில்லை.

“அந்தத் தாளு இத்தன நாளு எங்கன இருந்துச்சு?” என்று கேட்டார்.

பழைய காகிதத்தில் என்று ஆரம்பித்தேன். அந்தப் பொய்யை முடிக்காமல் விட்டேன். என் பெட்டியில் இருந்தது, நான்தான் எடுத்துப் போனேன், உங்கள் வீட்டுக்காரர் மனு கொண்டுவந்த அன்றே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். தம்பி என்னை விட்டு ஓரடி விலகி நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த அம்மாள் கை நீட்டித் தம்பியிடமிருந்து உத்தரவை வாங்கி மடித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

“கடைசி வரைக்கும் ‘நான் பொய் சொல்லல, நான் பொய் சொல்லல’ன்டுதான் சொல்லிக்கிட்டு இருந்தாக. காய்ச்சல்லயும் அதான். எனக்கே ஒருக்கா சந்தேகம் வந்துருச்சு. கேட்டுட்டேன். ‘நெசமாவே நம்ம வீடுதானா’ன்டு கேட்டுட்டேன்யா.”

பிறகு கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டு, தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

“வீடு வந்துருச்சு, சரி. அவுக பொய்யரில்லன்டு இந்தத் தெருவுக்கு யாரு சொல்றது? அய்யாவையே சொல்லச் சொல்லு.”

ஜும்மா தொழுகை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தை நான் நடந்தே கழித்தேன். மணலில் நடந்து தண்ணீர் வரை போவேன், திரும்புவேன். பஸ் நிற்கும் இடம் அங்கிருந்து தெரியும். அதையும் பார்த்தேன், மறைக்கவில்லை. பிறகு தம்பியிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினேன். முன்பு தற்செயலாகக் கிடைத்தது என்று எழுதியது பொய், தெரிந்தே எடுத்துப் போனவன் நானே என்று எழுதிக் கையெழுத்திட்டு, அலுவலக விலாசத்தையும் எழுதி, தபாலில் சேர்க்கும்படி அவரிடமே கொடுத்தேன். என்னிடம் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பின்னால் அதற்காக என்னை அழைத்து விசாரித்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போகச் சொன்னார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வந்தபோது பள்ளிவாசல் கதவுக்கு வெளியே நின்றேன். தம்பி சிலரை நிறுத்தினார். முப்பது பேர் இருக்கலாம். முப்பது வருடம் எழுதியவனுக்கு அன்று மூன்று வாக்கியம் சரியாக வரவில்லை. எழுதும்போது பிசகியது நான், தெரிந்த பிறகு மறைத்ததும் நான், இறந்தவர் சொன்னது முழுதும் உண்மை. இதைத்தான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் முன்னால் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் அவர்தான் என்று தம்பி சொல்லாமலே தெரிந்தது.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார்.

“ஒரு மாசத்துலயே தெரியும்.”

“ஏழு வருசமா அவரு என்னத் திருடன்டாரு. நான் அவரப் பொய்யன்டேன். மய்யித்து எடுக்கைலகூட நான் தோள் குடுக்கல.” அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நீங்கதான் இருந்திருக்கீக.”

ஆமாம் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. என்னோடு பேச வேண்டியது முடிந்துவிட்டது என்பதுபோல் திரும்பி, தெருவில் நடந்தார். தன் வீட்டைத் தாண்டினார். அடுத்த வீட்டு வாசலில் நின்று, உள்ளே போகாமல், சாத்தியிருந்த கதவைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் கலைந்து அவரவர் வீட்டுக்குப் போனது. யாரும் என்னை நில் என்றோ போ என்றோ சொல்லவில்லை. இரண்டு மணிப் பஸ் வந்து ஹாரன் அடித்தது. நான் ஏறவில்லை.

அவர் பேசி முடித்து, தலையைக் குனிந்து காத்திருந்தார். உள்ளேயிருந்து பதில் வந்தது. அவர் தலையசைத்ததிலிருந்து தெரிந்தது. என்ன சொன்னார்கள் என்று என் காதில் விழவில்லை. கேட்கிற தூரத்துக்குப் போக எனக்கு உரிமை இல்லை என்று அங்கேயே நின்றிருந்தேன்.